ரிசீவருக்கு ஏற்ற ஸ்பீக்கர்: வாட்ஸை மட்டும் பார்த்து விற்கலாமா?



ஹோம் தியேட்டர் வியாபாரம் முன்போல் இல்லை, எல்லோரும் சவுண்ட்பார் வாங்கிப் போய்விடுகிறார்கள் என்று நம்மில் பலர் குறைப்பட்டுக்கொள்கிறோம். அது உண்மைதான். ஆனால் தனி ரிசீவர், தனி ஸ்பீக்கர் என்று கேட்டு வருகிற வாடிக்கையாளர் இன்றும் இருக்கிறார். எண்ணிக்கையில் குறைவு, போடுகிற பணம் அதிகம். புது வீடு கட்டி, மாடியில் ஓர் அறையை ஒதுக்கி, ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று எடுத்துவைத்துக்கொண்டு வருகிறார். அவருக்கு நாம் கொடுத்த செட் மூன்றாம் மாதம் சூடேறி நின்றுவிட்டால், அடுத்து அவர் மட்டுமல்ல, அவருடைய மைத்துனரும் நம் கடைப் படி ஏற மாட்டார்.

சென்னை ரிச்சி தெருப் பக்கம் மொத்த வியாபாரம் செய்கிறவன் என்ற முறையில், வெளியூர்க் கடைகளிலிருந்து திரும்பி வரும் சரக்கை நான் அன்றாடம் பார்க்கிறேன். அவற்றில் பல கெட்ட சரக்கே அல்ல. ரிசீவரும் நல்லது, ஸ்பீக்கரும் நல்லது. இரண்டையும் சேர்த்ததுதான் தவறு. ஜாதகம் பார்க்காமல் முடித்த கல்யாணம் போல! எனவே கவுண்டரில் நிற்கும் நம் பையன்களுக்கும் புரியும்படி, இந்தப் பொருத்தம் பார்க்கும் விஷயத்தை இங்கே எழுதுகிறேன்.

வாட்ஸ் என்னும் மாயை

வாடிக்கையாளர் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். நாமும் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைக் காட்டிவிடுகிறோம். பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் எண்ணைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதற்கு எந்த அளவுகோலும் கிடையாது, உள்ளே உட்கார்ந்திருப்பது 10, 15 வாட்ஸ் தரும் ஐ.சி.யாக இருக்கும்.

நல்ல கம்பெனி ரிசீவரிலும் கவனம் வேண்டும். ஒரே ரிசீவரின் குறிப்பேட்டில் இரண்டு மூன்று வாட்ஸ் எண்கள் இருக்கும். "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது, 10 சதவீத டிஸ்டார்ஷன்" என்ற நிபந்தனையில் எடுத்த எண்தான் பெட்டியின் மேல் வரும். "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்கள் இயங்கும்போது, 0.1 சதவீதத்துக்குக் குறைந்த டிஸ்டார்ஷன்" என்ற எண் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். நாம் கணக்கில் எடுக்க வேண்டியது இந்தப் பொடி எழுத்து எண்ணைத்தான். முன்னதில் பாதி அளவாகக்கூட அது இருக்கும். ஐந்து, ஏழு சேனல்களும் ஒரே நேரத்தில் உழைத்தால் அதிலும் குறையும், ஏனென்றால் எல்லாச் சேனல்களுக்கும் மின்சாரம் கொடுப்பது ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான். இந்த எண் விளையாட்டு நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்க அரசு 1974-லேயே ஆம்ப்ளிஃபயர் வாட்ஸை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதன் பிறகும் கம்பெனிகள் சந்து பொந்து கண்டுபிடித்ததால் 2024-இல் அந்த விதியை மறுபடி இறுக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று. 80 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் காதில் விழும் வித்தியாசம் 1 டெசிபல்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால்கூடக் கண்டுபிடிப்பது அரிது. அதற்காக வாடிக்கையாளரிடம் எட்டாயிரம், பத்தாயிரம் கூடுதலாக வாங்கி மேல் மாடலைத் தள்ளுவதைவிட, அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடச் சொன்னால் அவருக்கும் நல்லது, நமக்கும் விற்பனை குறையாது.

ஓம் கணக்கு

ஸ்பீக்கரின் பின்புறம் 4, 6, 8 ஓம் என்று இம்பீடன்ஸ், அதாவது மின்மறிப்பு, அச்சிட்டிருக்கும். தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஓம் குறையக் குறையக் குழாய் அகலமாகிறது, ரிசீவரிலிருந்து அதிக மின்னோட்டத்தை ஸ்பீக்கர் இழுக்கிறது. ரிசீவரால் அதைக் கொடுக்க முடிந்தால் சத்தம் கூடும். முடியாவிட்டால் ரிசீவர் கொதிக்கும், பிறகு "புரொடெக்ட்" என்று காட்டி அணைந்துவிடும்.

ரிசீவரின் பின்புறம் ஸ்பீக்கர் மாட்டும் இடத்துக்கு அருகிலேயே "6 முதல் 16 ஓம்" என்பது போல ஓர் எல்லை எழுதியிருக்கும். ஸ்பீக்கரின் ஓம் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். இவ்வளவுதான் அடிப்படை விதி. ஆனால் அச்சிட்ட ஓம் ஒரு சராசரி எண் என்பதை மறக்கக் கூடாது. பாட்டில் ஸ்வரம் மாற மாற ஸ்பீக்கரின் ஓமும் ஏறி இறங்கும். அச்சிட்ட எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது சர்வதேசத் தரவிதி. அதன்படி 8 ஓம் ஸ்பீக்கர் 6.4 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. எல்லாக் கம்பெனிகளும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. ஆகவே விலை குறைந்த ரிசீவருக்கு 8 ஓம் ஸ்பீக்கர் கொடுப்பதே பத்திரம். 4 ஓம் ஸ்பீக்கர் கேட்டு வந்தால், 4 ஓம் தாங்கும் என்று கம்பெனியே எழுதிக்கொடுத்திருக்கும் ரிசீவரை மட்டும் காட்டுங்கள்.

சில ரிசீவர்களில் ஓம் மாற்றும் அமைப்பு மெனுவில் இருக்கும். அதை 4 அல்லது 6-க்கு மாற்றினால் ரிசீவர் சூடாகாமல் இருப்பதற்காகத் தன் சக்தியைக் குறைத்துக்கொள்கிறதே தவிர, புதிய பலம் எதுவும் வந்துவிடுவதில்லை.

எங்களிடம் சரக்கெடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர் விற்ற ரிசீவர் இரண்டு முறை சர்வீஸ் சென்டர் போய், "குறை ஒன்றுமில்லை" என்ற சீட்டோடு திரும்பி வந்தது. வாடிக்கையாளர் வீட்டில் போட்டால் அரை மணி நேரத்தில் நின்றுவிடும். கடைசியில் அவரே நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரர் வராந்தாவிலும் பாட்டுக் கேட்க வேண்டும் என்று இரண்டு பழைய ஸ்பீக்கர்களை முன் ஸ்பீக்கர்கள் மாட்டியிருந்த அதே முனைகளில் சேர்த்து மாட்டியிருந்தார். 6 ஓமும் 6 ஓமும் இணையாகச் சேர்ந்தால் 3 ஓம். அந்த ரிசீவரின் எல்லை 6 ஓம். வராந்தாக் கம்பியைக் கழற்றியதும் செட் ஒழுங்காக ஓடியது. போக்குவரத்துச் செலவும் அலைச்சலும் அந்தக் கடைக்காரர் தலையில் விழுந்தன. விற்கும்போதே "ஒரு முனைக்கு ஒரு ஸ்பீக்கர்தான் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

இதே வகையில் இன்னொரு பொறி உண்டு. பெட்டியோடு டிவிடி பிளேயர் சேர்ந்து வந்த பழைய ஹோம் தியேட்டர் செட்டுகள் பல வீடுகளில் இருக்கின்றன. பிளேயர் பழுதாகிவிட்டது, ஸ்பீக்கர்கள் நன்றாக இருக்கின்றன, ரிசீவர் மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வருவார்கள். பின்னால் திருப்பிப் பார்த்தால் அவற்றில் பலவற்றில் 3 ஓம் அல்லது 4 ஓம் என்று இருக்கும். அந்தந்தச் செட்டுக்கென்றே செய்தவை அவை. அதோடு அந்தச் செட்டின் சப்-ஊஃபருக்குச் சொந்த ஆம்ப்ளிஃபயர் கிடையாது, வெறும் பெட்டியும் ஸ்பீக்கரும்தான். புதிய ரிசீவரில் சப்-ஊஃபருக்கு இருப்பதோ சிக்னல் மட்டும் தரும் துளை. அதில் மாட்டினால் முனகல்கூட வராது. மின்சாரம் போடும் சப்-ஊஃபர் தனியாக வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொண்டால் நாம் ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார்.

உணர்திறன் என்ற எண்

நம் வியாபாரிகள் அதிகம் கண்டுகொள்ளாத எண் இது. என் கருத்தில் வாட்ஸைவிட இதுவே முக்கியம். சென்சிட்டிவிட்டி என்று குறிப்பேட்டில் 86 டெசிபல், 90 டெசிபல் என்று போட்டிருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் வைத்து அளந்தால் எவ்வளவு சத்தம் வருகிறது என்பதே அது.

மூன்று டெசிபல் கூட வேண்டுமென்றால் இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். பத்து டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு வேண்டும். அப்போதுதான் காதுக்குச் சத்தம் இரட்டித்தது போலத் தோன்றும். இப்போது கணக்கைப் பாருங்கள். சாதாரண ஹாலில் சோபா மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது. தூரத்தில் குறைவது போக, சுவர்கள் திருப்பித் தருவதையும் சேர்த்தால், 86 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு வாட்டில் சோபாவுக்குத் தருவது ஏறக்குறைய 80 டெசிபல். சண்டைக் காட்சியில் 100 டெசிபல் வர வேண்டுமென்றால் 100 வாட்ஸ் வேண்டும். அதே இடத்தில் 92 டெசிபல் ஸ்பீக்கரை வைத்தால் 25 வாட்ஸ் போதும். நாலில் ஒரு பங்கு! உண்மையில் 50, 60 வாட்ஸ் தரும் சிறிய ரிசீவர் அங்கே மூச்சு வாங்காமல் ஓடும்.

ஒரு சூட்சுமம் மட்டும் கவனிக்க வேண்டும். சில கம்பெனிகள் "ஒரு வாட்" என்பதற்குப் பதில் "2.83 வோல்ட்" என்று போடும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது ஒரு வாட்தான். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது இரண்டு வாட்ஸ். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட்டுக்கு 90 டெசிபல் என்று இருந்தால், அதை 87 என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

ஸ்பீக்கர் மேல் போட்டிருக்கும் வாட்ஸ், அது தாங்கும் எல்லை. அது சத்தத்தின் அளவு அல்ல. 150 வாட்ஸ் தாங்கும் ஸ்பீக்கரை 60 வாட்ஸ் ரிசீவரில் தாராளமாக ஓட்டலாம். ஆனால் "சின்ன ரிசீவர்தானே, ஸ்பீக்கர் எங்கே எரியப்போகிறது" என்று நினைப்பது தவறு. சக்தி போதாத ரிசீவரின் வால்யூமை முழுக்கத் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. கிளிப்பிங் என்பது இதுதான். வெட்டுப்பட்ட அலையில் கீச்சுச் சத்தத்தின் சக்தி அளவுக்கு மீறிக் கூடி, அது நேராக ட்வீட்டருக்குப் போகிறது. ட்வீட்டரின் கம்பிச்சுருள் தலைமுடி போல மெல்லியது, கருகிவிடும். காயில் எரிந்ததற்குப் பெரும்பாலான கம்பெனிகள் வாரண்டி தருவதில்லை. அந்தச் சண்டையை நாம்தான் கவுண்டரில் நின்று வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். கல்யாண வீடு, திருவிழா என்று உரக்கப் போடும் பழக்கமுள்ள வாடிக்கையாளருக்கு உணர்திறன் 90-க்குக் குறையாத ஸ்பீக்கரைக் கொடுப்பது இதனால்தான்.

முன்னால் மூன்றும் ஒரே குடும்பம்

இடது, வலது, நடு ஆகிய மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் இருக்கட்டும். படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அது வேறு வகையாக இருந்தால், கார் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் குரல் மாறும். பணம் குறைவு என்றால் பின் ஸ்பீக்கர்களில் சிக்கனம் செய்யலாம், நடுவில் கூடாது.

சிறிய புத்தக அலமாரி ஸ்பீக்கர் என்றால் ரிசீவர் மெனுவில் "ஸ்மால்" என்று வைத்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் ஆக்கிக் கொடுங்கள். அதற்குக் கீழே உள்ள கனத்த சத்தத்தைச் சொந்த மின்சாரம் உள்ள சப்-ஊஃபர் பார்த்துக்கொள்ளும். ரிசீவரின் பெரிய சுமை அங்கேயே இறங்கிவிடுகிறது. நடுத்தர ரிசீவரோடு நல்ல சப்-ஊஃபர் கொடுத்த செட்டுகள் புகார் இல்லாமல் ஓடுவதற்கு இதுவே காரணம்.

கம்பியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். 14/76 கம்பி அரை சதுர மில்லிமீட்டர்கூட இல்லை. பத்து மீட்டர் தூரத்துக்குப் போக வர இருபது மீட்டர் ஓடினால், நல்ல செம்பாக இருந்தாலும் 0.8 ஓம் அதிலேயே போய்விடும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இது ஐந்தில் ஒரு பங்கு. இரண்டரை சதுர மில்லிமீட்டர் கம்பியில் இந்த இழப்பு 0.14 ஓம்தான். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியும் ஸ்பீக்கர் கம்பி என்ற பெயரில் வருகிறது. சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் ஒரு மல்டிமீட்டரும் ஒரு பென்டார்ச் பேட்டரியும் கட்டாயம் இருக்கட்டும். லேபிள் உரிந்த ஸ்பீக்கரை மீட்டரில் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 என்று காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3-லிருந்து 3.5 வரை காட்டும். பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் ஒரு நொடி தொட்டால் ஊஃபரின் கூம்பு வெளியே தள்ள வேண்டும். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால் ஒன்றில் முனை மாறியிருக்கிறது. அப்படியே மாட்டினால் பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும், வாடிக்கையாளர் "ஸ்பீக்கர் செத்த சரக்கு" என்று கொண்டுவந்து வைப்பார். பில்லில் மாடல் எண்ணோடு ஸ்பீக்கரின் ஓமையும் ரிசீவரின் ஓம் எல்லையையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ரிசீவரின் மேல்புறம் நாலு விரல்கடையாவது இடைவெளி விட வேண்டும், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்து மூடக் கூடாது என்பதையும் அதே பில்லில் ரப்பர் ஸ்டாம்ப் அடித்துக் கொடுக்கலாம்.