முதுமையும் ஞாபகசக்தியும்

வயது போனவர் ஒருவர் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் "அறளை பெயர்ந்திட்டுது" என்று விட்டுவிடுவது எம்மூர் வழக்கம். எனது தாயாரின் விடயத்தில் அடியேனும் அதையே செய்தேன். அவருக்குக் காது மந்தமாகியதையும் குருதி அமுக்கம் கூடியிருந்ததையும் காலங்கடந்தே அறிந்தோம். அந்தக் கவலையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மறதி நோய் முழுவதும் தலைவிதி அன்று. 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சீர்செய்தால் உலகில் ஏறத்தாழ 45 வீதமான மறதி நோயைத் தடுக்கவோ பிற்போடவோ முடியும் என்கிறது. உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, புகைத்தல், மிகையான மது, உடலுழைப்பின்மை, காது கேளாமை, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை என்பன அவற்றுட் சில.

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1260 பேரிடம் இரண்டு ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, குருதி அமுக்கம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் ஒருங்கே கைக்கொண்டோரின் சிந்தனைத்திறன், பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றோரிலும் மேம்பட்டிருந்தமை 2015இல் வெளியாயிற்று.

இவற்றை நாம் கைக்கொள்ளும் வழிகள்:

1. நடை: காலையிலோ மாலையிலோ கோயில் வெளிவீதியைச் சற்று வேகமாகச் சுற்றி நடவுங்கள். வாரத்தில் 150 நிமிடம் போதும்.

2. உணவு: தவிட்டரிசி, குரக்கன், பயறு, முருங்கையிலை நல்லவை. உப்பையும் சீனியையும் குறையுங்கள். சுருட்டை விடுங்கள். முற்றாக மரக்கறி உண்போர் விற்றமின் பி12 குறைவா எனப் பரிசோதிப்பது நன்று. அக்குறைவும் மறதியைத் தரும், சிகிச்சையும் உண்டு.

3. வைத்தியம்: "இப்ப சுகம்" என்று கிளினிக் மருந்தை நிறுத்தாதீர்கள். கண், காது இரண்டையும் காட்டுங்கள். புத்தித் தடுமாற்றம் திடீரென வந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

4. கூடியிருத்தல்: பிள்ளைகள் கனடா, லண்டன் என்று சென்றுவிட, பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியோர் தீவகத்திற் பலர். தொலைக்காட்சி மட்டும் துணையாகாது. கந்தபுராண படனத்தில் ஒருவர் வாசிக்க, ஒருவர் பயன் சொல்ல, நாம் கூடியிருந்து கேட்பது மூளைக்கு வேலை, தனிமைக்கும் மருந்து. தெரிந்ததையே பாடாமல் புதிய பதிகம் ஒன்றையும் மனனம் செய்யுங்கள்.

இளைய தலைமுறையினருக்கு ஒரு வேண்டுகோள். வழமையாக வரும் முதியவர் ஒருவரை இரண்டு வெள்ளிக்கிழமை கோயிலிற் காணாவிட்டால், அவர் வீட்டுப் படலையைத் தட்டிப் பாருங்கள். அதுவும் அம்பாளுக்குச் செய்யும் தொண்டே.