வேலியோரக் காய்கள் இனி வீட்டுப் பந்தலில்

1. 'பேய்' என்று பெயர் தொடங்கினாலே எச்சரிக்கைதான். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் எதுவும் சமையலுக்கு ஆகாது. பேய்க்குமட்டி, வரியோடிய குட்டித் தர்பூசணி போலக் கண்ணைப் பறிக்கும். தின்றால் கடும் பேதியாகும்.

2. சுரை, பீர்க்கு, வெள்ளரியை நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயைக் குப்பையில் போடுங்கள். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பாகல் இனத்தின் கசப்பு வேறு, அது இயல்பானது.

3. புதிதாகத் தொடங்குவோருக்கு மிதிபாகல் ஏற்றது. இது பாகலின் குட்டி வடிவம். விதையை இரவு ஊறவைத்து, ஆடிப்பட்டத்தில் ஊன்றுங்கள். அடியில் ஓட்டையிட்ட 20 லிட்டர் பெயின்ட் வாளியில் செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்பினால் போதும்.

4. கோவைக்கு விதை வேண்டாம். கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. காய்க்கிற கொடி பெண்தான். கசக்காத காய் தரும் கொடியில் பென்சில் கனத் தண்டை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நடுங்கள். காய் சிவக்குமுன் பறியுங்கள்.

5. மேலெல்லாம் மென்முள், முட்டை வடிவம், கசப்பு மிகக் குறைவு என்றால் அது பழுபாகல். இதிலும் ஆண், பெண் தனித்தனி. விதை போட்டால் எது வருமென்று பூக்கும்வரை தெரியாது. பெண் கொடியின் கிழங்கை நட்டு, பக்கத்தில் ஓர் ஆண் கொடியும் வையுங்கள்.

6. அதலைக்காய் சுண்டுவிரலை விடச் சிறியது. முள் இராது, நீளவாக்கில் வரிகள் ஓடும். மதுரை, விருதுநகர்ப் பக்கம் கரிசலில் மழைக்குப் பின் தானாகத் தழைக்கும். விதை லேசில் முளைக்காது. கிழங்கு கிடைத்தால் நடுங்கள். பறித்த அன்றே இரு முனைகளையும் கிள்ளி வதக்குங்கள், வைத்திருந்தால் வெடித்துவிடும்.

7. பூத்தும் காய் பிடிக்கவில்லையா? அடியில் பிஞ்சு ஒட்டியிருப்பது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பாகலுக்குக் காலை, சுரைக்கும் பீர்க்குக்கும் மாலை.

8. பழ ஈ பிஞ்சில் முட்டையிட்டால் உள்ளே புழு வைக்கும். பிஞ்சிலேயே காகிதப் பையால் மூடிக் கட்டுங்கள். சொத்தைக் காய்களைச் செடியடியில் விடாதீர்கள்.

9. பழுபாகலும் அதலையும் பருவம் முடிந்ததும் காய்ந்துவிடும். செத்துவிட்டதென்று பிடுங்கி எறியாதீர்கள். கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிறது. அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.