வனாந்தர மலையில் ஒரு வழி: சோஜி லா கணவாய்



நம்ம பரமத்தி வேலூர், நாமக்கல் பக்கத்தில் லாரித் தொழிலை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம். காஷ்மீர் வரைக்கும் லோடு ஏற்றிப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக ஜெபிக்கிற நாம், பாதையையும் அறிந்து ஜெபிப்பது நல்லது. ஆகவே இந்த மாதம் சோஜி லா கணவாயைப் பற்றிப் படிப்போம்.

1. இடம்

ஸ்ரீநகரிலிருந்து லே பட்டணத்துக்குப் போகும் சாலையில், 3,528 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்தக் கணவாய். ‘லா’ என்றாலே லடாக் பாஷையில் கணவாய்தான். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறோமே, அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான உயரம்!

இந்தப் பக்கம் காஷ்மீரின் பச்சை. அந்தப் பக்கம் மொட்டை மலை. ஏன்? மழை மேகங்களை இமயமலை தடுத்துவிடுகிறது. மேற்குத்தொடர்ச்சி மலை நம்ம ஊருக்கு ஆடி மழையை மறைக்கிறதே, அதே மாதிரிதான். லேயில் வருஷம் முழுதும் பெய்வது சுமார் 10 செ.மீ. மாத்திரம். கணவாயிலோ குளிர்காலத்தில் பனி ஆள் உயரத்துக்கு மேல் குவியும், பனிச்சரிவும் விழும்.

2. சரித்திரம்

முற்காலத்தில் இது வியாபாரிகளின் குதிரைப் பாதை. 1948-ல் பாகிஸ்தான் தரப்புப் படைகள் கணவாயைப் பிடித்தன. லே ஜனங்களுக்கு ஸ்ரீநகரிலிருந்து வரும் தரைவழி அடைபட்டது. செப்டம்பரில் நம் சேனை ஏறிப் பார்த்தும் முடியவில்லை. பனிக்காலம் வந்துவிட்டால் அவ்வளவுதான்! ஜெனரல் திம்மய்யா டாங்கிகளைக் கொண்டுவரத் தீர்மானித்தார். ஆனால் குதிரை நடக்கிற தடத்தில் டாங்கி எப்படி ஏறும்?

இங்கேதான் நம்ம தென்னாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். ‘தம்பிகள்’ என்று பேர்பெற்ற மெட்ராஸ் சாப்பர்ஸ், பால்தாலிலிருந்து மலையை வெட்டிச் சில வாரங்களுக்குள் பாதை போட்டாங்க. நவம்பர் 1-ம் தேதி டாங்கிகள் கணவாயில் ஏறின. அந்த உயரத்தில் டாங்கியை எதிராளி நினைக்கவே இல்லை. அந்த மாதமே திராஸும் கார்கிலும் மீட்கப்பட்டன. லேக்கு வழி திறந்தது.

3. இந்நாட்களில்

1960-ல் ஏற்படுத்தப்பட்ட எல்லைச் சாலை அமைப்பின் ஆட்கள் வருஷந்தோறும் பனியை வெட்டி இந்தச் சாலையைத் திறக்கிறார்கள். கணவாய்க்கு அடியில் சுமார் 13 கி.மீ. சுரங்கப்பாதை வேலை 2020-ல் தொடங்கியது. அதற்குப் போகும் வழியில் சோனமார்க் சுரங்கம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது.

4. நமக்குப் பாடம்

டாங்கியைப் பற்றி எல்லாரும் பேசுவாங்க. மண்வெட்டி பிடித்தவனைப் பற்றிப் பேச ஆளில்லை. ஆனால் பாதை இல்லாவிட்டால் டாங்கி பால்தாலிலேயே நின்றிருக்கும். யோவான் ஸ்நானனுடைய ஊழியமும் வழியை ஆயத்தம்பண்ணுகிற ஊழியமே (ஏசாயா 40:3-5 வாசிக்கவும்). சபையில் பாய் விரிக்கிற சகோதரியே, அதிகாலையில் தனியே ஜெபிக்கிற தாயாரே, உங்கள் வேலை சிறியதல்ல.

இன்னொன்று. வண்டியில் போன பிள்ளைகளைப் போனில் “சீக்கிரம் வா” என்று அவசரப்படுத்தாதீங்க. கணவாய் மூடியிருந்தால் காத்திருப்பதே ஞானம். “பொறுத்து வா, நாங்கள் ஜெபிக்கிறோம்” என்று சொல்லுங்கள். சொன்னபடியே ஜெபியுங்கள். ஆமென்.