நார்வேஜிய மொழியில் ஐம்புலன்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலரும் சீட்டாட்டம், பாட்டு, சினிமா எல்லாம் அலுத்த பிறகு, "இதில் உருப்படியாக என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். ஒரு மொழியைப் படியுங்கள் என்பது என் பதில். நான் இப்போது படிப்பது நார்வேஜியன். என் அக்கா மகள் குடும்பம் நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில் இருக்கிறது. அவளுடைய நான்கு வயதுப் பையன் வீடியோ அழைப்பில் என்னிடம் பாதி தமிழிலும் பாதி நார்வேஜியனிலும் பேசுகிறான். சின்னக் குழந்தையின் பேச்சில் பாதிக்கு மேல் பார்த்தேன், கேட்டேன், புளிக்குது, சுடுது, வலிக்குது என்பதுதானே! அதனால் புலன்களைக் குறிக்கும் சொற்களில் இருந்தே ஆரம்பித்தேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில் கீபோர்டைத் தயார் செய்ய வேண்டும். நார்வேஜிய மொழியில் 29 எழுத்துகள். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளோடு கடைசியில் மூன்று கூடுதல்: ஏ-யும் இ-யும் ஒட்டிய எழுத்து, குறுக்கே சாய்கோடு போட்ட ஓ, தலையில் சிறு வட்டம் வைத்த ஏ. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் லாங்குவேஜ் அண்ட் ரீஜியன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஆட் எ லாங்குவேஜ் பட்டனை அழுத்தி, பட்டியலில் நார்வேஜியன் பூக்மோல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். (நார்வேஜியனுக்கு இரண்டு எழுத்து வடிவங்கள் உண்டு. பெரும்பாலோர் எழுதுவது பூக்மோல், மற்றது நீநொர்ஷ்க்.) இனி விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கீபோர்டு மாறும். எல் எழுத்துக்கு வலப்பக்கக் கீ சாய்கோட்டு ஓ, அதற்கு அடுத்தது ஒட்டிய எழுத்து, பி-க்கு வலப்பக்கம் இருப்பது வட்டம் வைத்த ஏ.

எப்போதாவது ஒரு எழுத்து மட்டும் வேண்டுமென்றால் கீபோர்டை மாற்ற வேண்டியதில்லை. நம் லாக் ஆன் செய்து, ஆல்ட் கீயை அழுத்தியபடி வலப்பக்க எண் கீகளில் 0248 அடித்தால் சாய்கோட்டு ஓ வரும். 0229 வட்டம் வைத்த ஏ, 0230 ஒட்டிய எழுத்து. எண் கீகள் தனியாக இல்லாத லேப்டாப்பில் இது சரிப்படாது.

இந்தக் கோடு அவ்வளவு முக்கியமா என்று கேட்பீர்கள். கேட்பது என்பதற்கான சொல் 'ஹோரெ'. அதில் சாய்கோட்டை விட்டுவிட்டு வெறும் ஓ அடித்தால் பெண்களைத் திட்டும் கெட்ட வார்த்தை ஆகிவிடும். உறவினருக்கு மெயில் அனுப்பும்போது கவனம் தேவை! கீபோர்டு கைகொடுக்காத இடத்தில் ஓ, இ என இரண்டு எழுத்தாக அடிப்பது நார்வேக்காரர்களே செய்யும் மாற்று வழி.

அந்த எழுத்தின் ஒலி தமிழில் இல்லை. ஏ என்று சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, ஓ என்று சொல்ல உதட்டைக் குவியுங்கள்; கிட்டத்தட்ட வந்துவிடும். இங்கே வசதிக்காக ஓ என்றே எழுதுகிறேன்.

புலன் என்பதற்கு 'ஸன்ஸ்'. பார்வை 'சீன்', கேள்வி 'ஹோர்ஷெல்', மணம் 'லுக்த்', சுவை 'ஸ்மாக்', தொடு உணர்வு 'ஃபோலெஸன்ஸ்'. உறுப்புகள்: கண் 'ஒய்யெ', காது 'ஓரெ', மூக்கு 'நேசெ', நாக்கு 'துங்ஙெ', தோல் 'ஹூட்'. காசுக்கும் ஓரெதான். 100 ஓரெ சேர்ந்தால் ஒரு குரோனெ. ஆனால் கடைசி 50 ஓரெ நாணயமும் 2012-ல் செல்லாததாகிவிட்டதால் இப்போது கடைகளில் ஓரெ புழங்குவதில்லை.

பெயர்ச்சொற்களை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிட்டால் பேச முடியாது. வினைகளைப் பிடிக்க வேண்டும். இங்கே நமக்கு ஒரு நிம்மதி: பார்க்கிறேன், பார்க்கிறாய், பார்க்கிறாள் என்று விகுதி மாற்றும் வேலை கிடையாது. நானோ நீயோ அவளோ, எல்லோருக்கும் 'சேர்' ஒன்றே.

'யை சேர்' என்றால் எனக்குத் தெரிகிறது, கண்ணில் படுகிறது. 'யை சேர் போ' என்றால் கவனித்துப் பார்க்கிறேன். 'தே சேர் ப்ரா ஊத்' என்றால் பார்க்க நன்றாக இருக்கிறது. காதுக்கும் இதே மூன்று படி: 'ஹோரெர்' (காதில் விழுகிறது), 'ஹோரெர் போ' (உட்கார்ந்து கேட்கிறேன்), 'தே ஹோரெஸ் ப்ரா ஊத்' (கேட்க நன்றாக இருக்கிறது). மூக்குக்கு வந்தால் இந்த ஒழுங்கு தளர்ந்துவிடும். நான் முகர்வதற்கும் 'லுக்தெர்', காலுறை நாறுவதற்கும் 'லுக்தெர்'. கூடவே 'கொத்' சேர்த்தால் நல்ல மணம், 'வுந்த்' சேர்த்தால் நாற்றம். நாக்கும் மூக்கு வழிதான்: 'ஸ்மாக்கெர் கொத்' என்றால் ருசியாக இருக்கிறது.

இந்த 'வுந்த்' என்ற சொல்லை நன்றாக நினைவில் வையுங்கள். வலிக்கும் இதுதான் சொல். 'வுந்த் இ ஓரெ' என்று குழந்தை சொன்னால் காது வலி என்று பொருள். 'இ மாகென்' என்றால் வயிற்றில். தொலைவில் இருக்கும் தாத்தா, பாட்டிகள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்தே ஆக வேண்டும் என்பேன்.

சுவைகளில் இனிப்பு 'சோத்', புளிப்பு 'சூர்', உப்பு 'சால்த்', கசப்பு 'பித்தெர்'. நம் காரத்துக்கு 'ஸ்தெர்க்', அதாவது வலுவானது என்கிறார்கள். வலுவான ஆளும் ஸ்தெர்க், மிளகாய்க் குழம்பும் ஸ்தெர்க்! முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவரை 'சூர்' என்பார்கள். புளிப்பையும் கோபத்தையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த வினை, 'ஹ்யென்னெ'. கே, ஜே என்று தொடங்கும், ஆனால் ககர ஒலி வராது. தமிழில் கேட்டுப் பார், தொட்டுப் பார், முகர்ந்து பார், தின்று பார் என்று எல்லாப் புலனுக்கும் 'பார்' துணைக்கு வருகிறதல்லவா? அங்கே மணம், சுவை, தொடுகை, வலி நான்குக்கும் ஹ்யென்னெ வருகிறது. துணியைத் தொட்டு உணர்ந்து பார் என்பதற்கும் அதுவே, மணம் தெரிகிறதா என்பதற்கும் அதுவே. டாக்டர் எங்கே வலி தெரிகிறது என்று கேட்பதும் இதை வைத்துத்தான். ஒருவரை எனக்குப் பழக்கம் என்று சொல்லவும் இதே வினை. கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் இதைப் போடாதீர்கள்.

இப்படிப் பல பொருள் உள்ள சொல்லைத் தனியாக மொழிபெயர்ப்புத் தளத்தில் போட்டால் குழப்பமே மிஞ்சும். முழு வாக்கியமாகப் போடுங்கள். ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து உச்சரிப்பையும் கேளுங்கள். அகராதிக்கு லெக்ஸின் சிறந்தது. கூகுளில் ஆங்கிலத்தில் எல், இ, எக்ஸ், ஐ, என் என அடித்து, பக்கத்திலேயே ஆஸ்லோமெட் என்றும் அடித்தால் கிடைக்கும். நார்வேயில் குடியேறியவர்களுக்காக உருவானது. இலங்கைத் தமிழர்கள் அங்கு ஏராளம் என்பதால் தமிழும் அதில் உண்டு. இலவசம்.

படித்ததை எக்ஸெலில் இரண்டு காலமாகச் சேருங்கள். முதலாவதில் நார்வேஜிய வாக்கியம், இரண்டாவதில் தமிழ். பிறகு சேவ் அஸ் கொடுத்து, சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். கம்ப்யூட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆங்கி என்ற புரோகிராமை நிறுவி, இம்போர்ட் கொடுத்து இந்த ஃபைலைச் சேர்த்தால் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி அட்டை ஆகும். தெரிந்த அட்டை சில நாள் கழித்து வரும், தெரியாதது சில நிமிடத்தில் திரும்ப வரும். நாளைக்குப் பத்துப் புது அட்டை போதும். முதல் அட்டையாக 'வுந்த் இ ஓரெ' இருக்கட்டும்.