வெள்ளியா, வெறும் முலாமா?

விருத்தாசலத்தில் பழைய பாத்திரக் கடையிலோ வீடு காலி செய்பவரிடமோ வெள்ளிக் கும்பா, சந்தனக் கிண்ணம் வாங்கப் போகிறீர்களா? முதலில் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். முலாம் தேய்வது அங்கும் விளிம்பிலும்தான். மஞ்சள் நிறம் எட்டிப் பார்த்தால் உள்ளே பித்தளை. ‘ஜெர்மன் சில்வர்’ என்றால் பெயரில் மட்டுமே வெள்ளி. சரக்கு செம்பு, நிக்கல், துத்தநாகம்.

காந்தம் ஒட்டினால் வேண்டாம் என்று வைத்துவிடலாம். ஒட்டாததால் வெள்ளி ஆகிவிடாது, பித்தளையும் ஒட்டாது. வெள்ளியின் தரத்தைக் குறிக்கும் 925 என்ற எண்ணை யாரும் குத்திவிடலாம். ஹால்மார்க்கின் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீட்டை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். ஆனால் வெள்ளிக்கு அது வந்ததே 2025 செப்டம்பரில். பாட்டி காலத்துச் சாமானில் தேடிப் பயனில்லை.

என் ஓட்டு தண்ணீர்ச் சோதனைக்கு. பொருளை எடை போடுங்கள். டிஜிட்டல் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் முழுக முக்குங்கள். காற்றுக்குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுங்கள். 210 கிராம் கிண்ணம் சுத்த வெள்ளியென்றால் 20 காட்டும், விடை 10.5. பித்தளையென்றால் 25-ஐ நெருங்கும், விடை எட்டரை.

உள்ளே அரக்கு அடைத்த விளக்கு, குங்குமச்சிமிழ் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு சரிவராது. உரைகல்லும் மேல்தோலைத்தான் சொல்லும். அவற்றை எக்ஸ் கதிரால் உலோகத்தைச் சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி உள்ள கடைக்குக் கொண்டுபோனாலும், தேய்ந்த இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டி முலாமில் அதுவும் ஏமாறும்.