சுத்தியல் அடியை நீங்களே எண்ணுங்கள்

மண் ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, நாற்பது வருஷம் துளையும் சேறுமாகக் கழித்தவன் எழுதுவது. அஸ்திவாரம் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவர்களுக்கும், சுரங்கத்துக்கோ கனிம ஆலைக்கோ போகப் போகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சூத்திரங்கள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தச் சூத்திரத்துக்குள் போடுகிற எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றித்தான் என் பேச்செல்லாம்.

1. துளை போடும் இடத்தில் நில்லுங்கள். எஸ்.பி.டி. சோதனையைப் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள்: 63.5 கிலோ சுத்தியல், 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ வேண்டும். முதல் 15 செ.மீ. இறங்க விழும் அடிகளைத் தள்ளிவிட்டு, அடுத்த 30 செ.மீ.க்கு ஆன அடிகளைக் கூட்டினால் அதுதான் ‘என்’ மதிப்பு. சைட்டில் நடப்பதைப் பாருங்கள். மதியம் இரண்டு மணி வெயிலில் கயிறு இழுக்கிறவருக்குக் கை ஓய்ந்திருக்கும். சுத்தியல் 60 செ.மீ. ஏறியதும் விட்டுவிடுவார். அடி கூடும், தளர்ந்த மண் காகிதத்தில் இறுகிப் போகும். ஸ்பூன் வாயில் ஒரு சரளைக்கல் மாட்டினாலும் அப்படித்தான். இதற்கு நேர்மாறும் உண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே குருமணலில் துளைக்கும்போது துளைக்குள் இருக்கும் தண்ணீர் வெளிநீரைவிடத் தாழ்ந்துவிட்டால், அடியிலிருந்து மணல் கொப்பளித்து மேலே வரும். அப்போது அடித்தால் நல்ல மணலுக்கும் ‘என்’ மூன்று, நான்கு என்று வரும். கருவியை வெடுக்கென்று உருவினாலும் இதே கூத்துதான். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. சாயங்காலம் கையில் வந்து சேரும் தாளில் வெறும் எண்தான் இருக்கும்.

2. துளையை எங்கே போட்டார்கள் என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். இது நான் பட்டு அறிந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு குடோனுக்கு ஐந்து துளை. நான் முதல் நாள் மட்டும் போனேன். மற்றவற்றின் போர்லாக் அழகாக வந்தது, நானும் கையெழுத்துப் போட்டேன். கட்டி முடித்த மறு மழைக்கு ஒரு மூலை இறங்கியது. தோண்டிப் பார்த்தால் தூர்த்த கிணறு! நான்காம் துளை அதன் மேல்தான் வந்திருக்க வேண்டும். முக்காலி நிற்கவில்லை, கால் புதைகிறது என்று கூலியாட்கள் பத்தடி தள்ளிக் கெட்டித் தரையில் போட்டிருக்கிறார்கள். அவர்கள் ஒளிக்கவும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். முக்காலி நிற்காத இடம் என்பதுதான் அந்த மனையிலேயே பெரிய தகவல். அது என் அறிக்கையில் ஒரு வரியாகக்கூட இல்லை.

3. ஊரைக் கேளுங்கள். டீக்கடைக்காரர், ஆடு மேய்ப்பவர், எதிர்வீட்டுப் பாட்டி என்று யார் கிடைத்தாலும், “இங்கே முன்னே என்ன இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டு முக்காலியை இறக்குங்கள். பெயரும் பேசும். தாங்கல், ஏந்தல் என்றால் நீர் நின்ற இடம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. நின்று பார்த்தால் ஏரி தெரியாது. 1920களில் தியாகராய நகரை உருவாக்க நீண்ட ஏரியைத் தூர்த்தார்கள். தெருப்பெயர் மட்டும் மிஞ்சிவிட்டது.

4. பாறை என்று எழுத அவசரப்படாதீர்கள். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் அடியில் இருப்பது சார்னாக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் உள்ள கல் இந்த இனம். பெயர் அப்படி வந்தது. இது சிதையும்போது ஒரே சீராகச் சிதையாது. விரிசல் வழியே மண்ணாகிக்கொண்டு போகும், நடுவில் உருண்டைக் கல் அப்படியே உட்கார்ந்திருக்கும். துளை அதன் தலையில் இடித்ததும் ‘பாறை வந்துவிட்டது’ என்று நிறுத்தினால், பைல் நிற்பது சேற்றில் கிடக்கும் ஒரு கல்லின் மேல். குறைந்தது மூன்று மீட்டராவது கோர் எடுக்காமல் நான் பாறை என்று எழுதியதில்லை. பெட்டியில் அடுக்கிய கோரில் 10 செ.மீ.க்கும் அதற்கு மேலும் நீளமுள்ள துண்டுகளை மட்டும் கூட்டுங்கள். இயந்திரம் ஆட்டியதில் புதிதாக ஒடிந்ததையும் மண்ணுக்குள்ளேயே ஒடிந்திருந்ததையும் பிரிக்கத் தெரிய வேண்டும். பழைய முறிவில் துருக்கறை இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள்.

5. கரிசலைக் கோடையில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். கோவில்பட்டிப் பக்கம் மே மாதத்தில் கடப்பாரை தெறிக்கும். ஐப்பசியில் அதே மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வீட்டைத் தூக்குவதும் அதுதான், பிளப்பதும் அதுதான். சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராம் எடுத்து ஒன்றைத் தண்ணீரிலும் ஒன்றைக் கெரசினிலும் போட்டு ஒரு நாள் வையுங்கள். கெரசினில் அது உப்பாது. தண்ணீரில் எவ்வளவு கூடுதலாக உப்பியது என்று கண்ணாலேயே பார்க்கலாம். செலவில்லாத சோதனை.

6. தண்ணீரைத் தேடுங்கள். மண் தாங்குவது மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான், இடையில் இருக்கும் நீரின் அழுத்தம் ஏறினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும் என்று டெர்ஸாகி சொன்னது இருபதுகளில். நெய்வேலிக்குப் போய்ப் பாருங்கள், புத்தகம் தேவைப்படாது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. குழாய்க் கிணறுகள் போட்டு இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே வெட்ட முடியும். இல்லாவிட்டால் குழியின் தரையே பொங்கிவிடும்.

வேல்ஸ் நாட்டில் ஆபர்ஃபான் என்று ஒரு சுரங்க ஊர். மலைமேல் சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்தார்கள். ஏழாம் குவியலை ஊற்றின் மேலேயே கொட்டினார்கள். அந்த ஊற்று வரைபடத்திலேயே இருந்தது. 1966 அக்டோபர் 21 காலை, குவியல் குழம்பாகி இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்தவர்கள் 144 பேர், அதில் 116 குழந்தைகள். இதை ஒவ்வொரு புதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் குரல் கம்மும்.

7. கனிம ஆலைக்குப் போகிறவர்களுக்கு: மாதிரி எடுப்பதில்தான் பாதி ஆராய்ச்சி. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் மணலோடு கலந்து கிடக்கின்றன. அலை லேசான குவார்ட்ஸை அடித்துக்கொண்டு போய்விடும். கனத்தது கறுப்பு வரியாகத் தங்கும். அந்த வரியில் கையை விட்டு அள்ளினால் நீங்கள் காகிதத்தில் கோடீஸ்வரர். கரையின் அகலம் முழுக்க, ஆழம் முழுக்க எடுங்கள். எடுத்ததைக் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மறுபடி குவியுங்கள். சோம்பல்பட்டு மேலிருந்து ஒரு கரண்டி எடுக்காதீர்கள். குலுக்கின மணலில் ஒவ்வொரு துகளும் தன் அளவுக்கும் எடைக்கும் தக்க இடத்துக்கு ஒதுங்கிவிடும், மேலே இருப்பது அடியில் இருக்காது.

8. களிமண்ணிடம் பொறுமை வேண்டும். ஆய்வுக்கூடத்தில் 20 மி.மீ. கனமுள்ள வில்லை, மேலும் கீழும் நீர் வடியும். பாதி இறக்கத்துக்கு நான்கு நிமிஷம் ஆகிறது என்று வையுங்கள். அதே களி தரைக்கடியில் 10 மீட்டர் கனத்தில், அங்கும் இரு பக்கமும் நீர் வடிகிற மாதிரி இருக்கிறது. வடியும் தூரம் 500 மடங்கு. காலம் அதன் வர்க்கமாகக் கூடும், 2,50,000 மடங்கு. பத்து லட்சம் நிமிஷம்! ஏறக்குறைய இரண்டு வருஷம், அதுவும் பாதி இறக்கத்துக்கு. 90 சதவீதம் முடிய எட்டு வருஷம் தாண்டும். கிரகப்பிரவேசத்தன்று விரிசல் இல்லை என்று மார்தட்டும் காண்ட்ராக்டரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பைசா கோபுரம் தொடங்கியது 1173இல். மூன்று மாடி எழுந்ததும் வேலை நூறு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட நின்றுபோனது. அந்த இடைவெளியில் களி இறுகிக்கொண்டது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் சாய்ந்த கோபுரமல்ல, விழுந்த கோபுரம். பின்னாளில் அதை நிமிர்த்தியதும் இரும்பாலோ கான்கிரீட்டாலோ அல்ல: வடக்குப் பக்கத்து அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்தார்கள்.

9. வேற்று மண்ணில் பிறந்த சூத்திரத்தைச் சந்தேகியுங்கள். நெய்வேலிக்கு ஜெர்மனியிலிருந்து வந்த வாளிச் சக்கர இயந்திரங்கள் இங்கே மேல்மண்ணின் கடினத்தில் பல் தேய்ந்தன. ‘என்’ மதிப்பிலிருந்து வலிமை சொல்லும் பட்டியலும் அப்படிப்பட்ட இயந்திரம்தான்.

10. துளை போடுபவரை அண்ணே என்று கூப்பிடுங்கள். கம்பி கையில் அதிர்வதை வைத்தே அவர் மண் மாறிவிட்டது என்று சொல்லிவிடுவார். முதல் டீயை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

11. குறிப்பைப் பென்சிலில் எழுதுங்கள். ஈரக் கை பட்டால் பேனா மை கலங்கிவிடும்.