கல்பாசியின் கூட்டுவாழ்வு

திண்டுக்கல் நகரின் கடைத்தெருவில் மிளகு, பட்டை, கிராம்பு ஆகியவற்றோடு, மேற்புறம் சாம்பலும் கீழ்ப்புறம் கருமையுமான சருகு போன்ற ஒரு பொருளும் விற்கப்படுகிறது. அதுவே கல்பாசி. பிரியாணிக்குத் தனி மணம் ஊட்டுவது அது. பெயரில் பாசி இருப்பினும் அது வெறும் பாசியன்று; கல்லினும் மிகுதியாகக் குளிர்ந்த மலைக்காட்டு மரங்களின் பட்டையிலேயே படர்வது. தாவர நூலார் அதனை 'லைக்கன்' என்னும் இனத்துள் சேர்ப்பர். வெயில் காயும் பாறைகளில் அப்பிக் கிடக்கும் சாம்பல் நிறத் திட்டுகளும் இவ்வினத்தனவே.

கல்பாசியை மெல்லியதாகச் சீவி உருப்பெருக்கியில் நோக்கினால், மேலும் கீழும் காளானின் இழைகள் நெருங்கிப் பின்னியிருத்தலும், மேலடுக்கின் அடியில் பசிய பாசியணுக்கள் விளங்குதலும் தெரியும். காளானுக்குப் பச்சையம் இல்லை. ஆதலின் உணவு சமைக்க இயலாது. பாசி கதிரொளியால் சர்க்கரைப் பொருள்களை ஆக்கிக் காளானுக்கும் ஈகிறது. காளானோ பாசிக்கு உறையுளாகி ஈரத்தைத் தேக்குகிறது. கோடையில் அப்பளம்போல் உலர்ந்து செத்தது போலக் கிடக்கும் லைக்கன், ஒரு மழை பெய்ததும் சில நிமிடங்களில் பசுமை பெற்று உணவாக்கத் தொடங்கிவிடும்.

லைக்கன் ஈருயிர்களின் சேர்க்கை என்று 1867ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்து நாட்டு அறிஞர் சைமன் ஷ்வெண்டனர் கூறியபோது, லைக்கன் வல்லுநர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். காளானை ஆண்டானென்றும் பாசிகளை அடிமைகளென்றும் அவர் உவமித்தார். அவ்வுவமை முழுதும் பொருந்துமோ? பாசிகளுள் சில தனித்தும் வாழ வல்லன. காளானோ பாசியின்றி இயற்கையில் வாழ்வது அரிது.

இரண்டே உயிர்கள் என்ற கணக்கும் நிலைக்கவில்லை. அமெரிக்காவின் மொன்டானாவில் இருவகை லைக்கன்கள் உள்ளன. ஒன்று மஞ்சள் நிறமும் நஞ்சும் உடையது; மற்றொன்று பழுப்பு நிறத்தது. இரண்டிலும் காளானும் பாசியும் ஒன்றே. பின் வேற்றுமை எங்ஙனம் வந்தது? டோபி ஸ்பிரிபில்லி குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், நஞ்சுள்ளதன் மேற்றோலில் ஒருவகை நொதிக்காளான் மிகுந்திருத்தலைக் கண்டனர். எல்லா லைக்கன்களிலும் அது இல்லை எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

லைக்கன் மிக மெதுவாக வளர்வது. பல வகைகள் ஓராண்டில் சில மில்லிமீட்டரே விரியும். கடைக்காரர் தராசில் இடும் ஒரு பிடிக் கல்பாசி பல ஆண்டுகளின் வளர்ச்சியாகும். அதன் விளிம்பில் உதிரும் நுண்பொடியில் காளானிழையும் பாசியும் சேர்ந்தே இருக்கும். அப்பொடி காற்றில் பறந்து ஈரமான வேறொரு பட்டையில் ஒட்டினால் புதிய கல்பாசி தோன்றும். முற்றும் உரித்தெடுத்த மரத்திலோ, அப்பொடியைத் தருவதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை.